36 வயசுல திடீர்னு வெளுத்து வாங்குறாரே, இது நிக்குமா?

கேள்வி இதுதான்: மூணு வருஷமா ஒண்ணுமே ஆடாம இருந்த ஒரு சீனியர் பேஸ்பால் பிளேயர், டீம் மாறின உடனே ரெண்டு மாசமா வெளுத்து வாங்குறார், இது சீசன் முழுக்க நிக்குமா, அடுத்த வருஷமும் தொடருமா, இல்ல வெறும் லக்கா?

பெரும்பாலும் நிக்காது. ஆனா அதோட முடிச்சிட்டா அது பாதி பதில்தான், ஏன்னா நின்ன கேஸும் இருக்கு. நின்னதும் நிக்காததும் எந்த இடத்துல பிரியுதுன்னு பாத்தாதான் அடுத்த தடவை ஒரு ஆளு இப்படி கிளம்பும்போது நம்மளால ஓரளவு கணிக்க முடியும்.

இந்தக் கேள்விக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இருக்கறவர் மேட் கார்பென்டர். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால்ல செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமுக்கு பல வருஷம் ஆடின பேட்டர். 2013ல நேஷனல் லீக்லயே (மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணு) அதிக ஹிட் (பந்தை அடிச்சு பேஸுக்குப் போறது, 199), அதிக டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற ஹிட், 55), அதிக ரன் (126) எல்லாமே இவர்தான். 2018ல மே மாச நடுவுல ஆவரேஜ் (பேட்டிங் வாய்ப்புல எத்தனை ஹிட்டா மாறுச்சுங்கற விகிதம்) .140ல கிடந்துட்டு அங்கருந்து எழுந்து வந்து சீசன் முடியும்போது 36 ஹோம் ரன் (பந்தை சுவரைத் தாண்டி அடிக்கறது). அதுக்கப்புறம் சரிவுன்னா சரிவு. 2019ல .226, 2020ல .186, 2021ல .169. மூணு சீசன் சேத்தே 22 ஹோம் ரன்தான், அதுலயும் கடைசி வருஷம் வெறும் 3. கார்டினல்ஸ் "போதும்"னு விட்டுட்டாங்க. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் மைனர் லீக்ல (மேஜர் லீக்குக்குக் கீழ இருக்கற லீக்) ஒரு சான்ஸ் குடுத்தாங்க, மெயின் டீமுக்கு கூப்பிடல, அங்கருந்தும் வெளிய வந்தார். 2022 மே 26, நியூயார்க் யாங்கீஸ் எடுத்தாங்க. அப்போ வயசு 36.

அப்புறம் நடந்ததை இப்ப நினைச்சாலும் நம்ப முடியல. முதல் 10 மேட்ச்ல 6 ஹோம் ரன், யாங்கீஸ் வரலாத்துல அவருக்கு முன்னாடி யாருமே அப்படி ஆரம்பிச்சதில்ல. ஜூன் 12 அன்னிக்கு சிகாகோ கப்ஸ்க்கு எதிரா ஒரே மேட்ச்ல ரெண்டு ஹோம் ரன், 7 ஆர்பிஐ (அவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன்). மொத்தமா 47 மேட்ச், 128 அட்-பேட் (அடிக்காம பேஸுக்குப் போனதையெல்லாம் கழிச்ச பேட்டிங் கணக்கு), 39 ஹிட், அதுல 15 ஹோம் ரன், ஆவரேஜ் .305. கணக்கு போட்டா எட்டரை அட்-பேட்டுக்கு ஒரு ஹோம் ரன். அதே வருஷம் அதே டீம்ல ஆரன் ஜட்ஜ் 62 அடிச்சு அமெரிக்கன் லீக் ரெக்கார்டையே உடைச்சாரே, அவருக்கே ஒன்பது அட்-பேட்டுக்கு மேல ஒண்ணுதான் வந்துச்சு. அதாவது வேலையே இல்லாம இருந்த 36 வயசு மனுஷன், ஜட்ஜை விட வேகமா ஹோம் ரன் அடிச்சிட்டு இருந்தார்.

இங்க எல்லாரும் முதல்ல தூக்கிட்டு வர்ற விஷயம் பேபிப். தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிடறேன்: ஹோம் ரன், ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆகறது) ரெண்டையும் கழிச்சுட்டு, மைதானத்துக்குள்ள விழுந்த பந்துல எத்தனை ஹிட்டா மாறுச்சுங்கற விகிதம். லீக் ஆவரேஜ் எப்பவும் .300 பக்கத்துலயே இருக்கும், ஒருத்தருக்கு ரெண்டு மாசம் .400ல ஓடுச்சுன்னா ஃபீல்டர் இல்லாத இடமா பாத்து பந்து விழுதுன்னு அர்த்தம், சீக்கிரம் இறங்கும். இந்த டெஸ்ட்ல கார்பென்டர் பாஸ். அவரோட பேபிப் .300 பக்கத்துலதான் இருந்துச்சு. வாக்கும் (நாலு தப்பான பந்து வந்தா அடிக்காமலே முதல் பேஸுக்குப் போறது) நிறைய எடுத்தார், முந்தின வருஷம் நூத்துக்கு முப்பது தடவைக்கு மேல ஸ்ட்ரைக்அவுட் ஆனவரு இப்ப இருபத்திமூணு பக்கம் வந்துட்டார். ஸ்ட்ரைக்அவுட் குறையறது சாதாரண விஷயமில்ல. எந்த நம்பர் எவ்வளவு சீக்கிரம் நம்பகமாகுதுன்னு பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் ரஸ்ஸல் கார்லடன் நிறைய ஆராய்ச்சி பண்ணிருக்கார், அதுல ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 60 தடவை பேட்டிங் வந்தாலே ஓரளவு உண்மையைச் சொல்லும்னு வருது, வாக்குக்கு 120, ஹோம் ரனுக்கு 170, பேபிப்புக்கோ 820 பந்து உள்ள விழணும், அதாவது ஒண்ணரை ரெண்டு சீசன். கார்பென்டர் யாங்கீஸ்க்கு மொத்தமே 154 தடவைதான் பேட்டிங் வந்தார்.

அதனால "சும்மா லக்கு"ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. அவர் உண்மையிலேயே மாறிட்டு வந்தார். அந்த குளிர்காலத்துல இன்னொரு சீனியர் பேட்டரான ஜோயி வோட்டோகிட்ட மணிக்கணக்குல பேசினார், ஏன்னா வோட்டோவும் வயசான காலத்துல ஸ்விங்கை மாத்தி 2021ல 36 ஹோம் ரன் அடிச்சவர். கார்பென்டர் ஒரு லேப்ல போய் ஸ்விங்கை அளந்து பாத்தார், தனக்கு எந்த பேட் செட் ஆகும்னு டெஸ்ட் பண்ணி அதையும் மாத்தினார். அத்தனை வருஷம் ஆடின ஒரு ஸ்டார், நான் ஆடற விதமே தப்பா இருக்கலாம்னு ஏத்துக்கிட்டு அடியிலருந்து தொடங்கறது பெரிய விஷயம், அதுக்காகவே எனக்கு அவர் மேல தனி மரியாதை.

சரி, லக்கும் இல்ல, மாற்றமும் உண்மை, அப்புறம் ஏன் நிக்கல?

ஆகஸ்ட் 8, சியாட்டில்ல, அவரே அடிச்ச ஃபவுல் பந்து (ஆட்ட எல்லைக்கு வெளிய போறது) இடது கால்ல பட்டு எலும்பு முறிஞ்சுது. ரெண்டு மாசம் வெளிய. பிளேஆஃப்ல திரும்பி வந்தார், 12 அட்-பேட்ல ஒரே ஒரு ஹிட், 9 ஸ்ட்ரைக்அவுட். அடுத்த வருஷம் சான் டியேகோ பாட்ரெஸ் ரெண்டு வருஷத்துக்கு 12 மில்லியன் டாலர் குடுத்து எடுத்தாங்க, 76 மேட்ச், .176, 5 ஹோம் ரன். அந்த ஒப்பந்தத்தோட ரெண்டாவது வருஷம் தொடங்கறதுக்கு முன்னாடியே அட்லான்டாவுக்கு டிரேட் பண்ணாங்க, அவங்களும் விட்டுட்டாங்க, 2024ல பழைய கார்டினல்ஸ்லயே ஒரு சீசன் ஆடிட்டு 2025ல ரிட்டயர்டு.

கால் உடையலன்னா தொடர்ந்திருக்கும்னு நிறைய யாங்கீஸ் ரசிகர்கள் இன்னிக்கும் சொல்வாங்க. அந்த வருஷம் இன்னும் கொஞ்ச நாள் ஓடிருக்கும், அது வரைக்கும் ஒத்துக்கறேன். ஆனா 2023ல வந்த சரிவை கால் மேல மட்டும் போட முடியாது. அவர் ஹோம் ரன் எப்படி வந்துச்சுன்னு பாருங்க. இடது கை பேட்டர், பந்தை உயரமா ரைட் ஃபீல்டு (மைதானத்தோட வலது பக்கம்) பக்கம் இழுத்து அடிக்கறவர். யாங்கீ ஸ்டேடியத்துல ரைட் ஃபீல்டு மூலை வெறும் 314 அடி, பேஸ்பால்லயே இடது கை ஆளுக்கு இவ்வளவு வசதியான மைதானம் ரொம்ப கம்மி. அதோட பெரும்பாலும் வலது கை பிட்சருக்கு (பந்து போடறவர்) எதிராத்தான் இறக்கினாங்க, இடது கை பேட்டருக்கு அவங்களைத்தான் அடிக்க சுலபம். இதுல தப்பே இல்ல, நல்ல டீம் அப்படித்தான் யூஸ் பண்ணும். ஆனா அந்த மைதானமும் அந்த பாதுகாப்பும் பிளேயரோட கூடவே இன்னொரு ஊருக்கு வராது.

இப்ப வயசு விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் மொத்த பதில்லயும் முக்கியமான பகுதி. மேஜர் லீக்ல ஃபாஸ்ட்பால் சராசரியே மணிக்கு 94 மைல், பிட்சர் கையிலருந்து பேட்டர்கிட்ட வர்றதுக்கு 0.4 செகண்ட். அதுல பாதி நேரத்துக்குள்ள அடிக்கணுமா வேணாமான்னு முடிவு பண்ணி பேட்டை நகர்த்த ஆரம்பிச்சாகணும். முப்பத்தஞ்சு தாண்டும்போது பேட் ஸ்பீடு கொஞ்சம் கொஞ்சமா குறையும், மணிக்கு ஒரு மைல் ரெண்டு மைல், வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனா பேட்டருக்குத் தெரியும், ஃபாஸ்ட்பால் மேல வர்ற மாதிரி இருக்கும். அப்ப அவர் என்ன பண்ணுவார், முன்கூட்டியே ஸ்விங்கை ஆரம்பிப்பார். ஃபாஸ்ட்பால்தான் வரப்போகுதுன்னு நினைச்சு முன்னாடியே கிளம்பி, அது சரியா வந்துட்டா அடிச்ச பந்து ரைட் ஃபீல்டு சுவரைத் தாண்டும். ரெண்டு மாசம் இப்படி ஹோம் ரனா கொட்டும், பழைய ஃபார்ம் வந்துடுச்சுன்னு எல்லாரும் நினைப்போம், ஆனா உண்மையில அது வேகம் குறைஞ்சதுக்கு அவர் குடுக்கற ஈடு. அப்புறம் எதிர் டீம் வீடியோவைப் பாப்பாங்க. ஆளு சீக்கிரம் கிளம்பறாருன்னு தெரிஞ்சதும் சேஞ்ச்அப்பும் (ஃபாஸ்ட்பால் மாதிரி தெரிஞ்சு மெதுவா வர்றது) கர்வும் (வளைஞ்சு கீழ இறங்கறது) போட ஆரம்பிப்பாங்க, வெளிப்பக்கம் தாழ்வா. இளம் பேட்டருன்னா அதுக்கு காத்திருந்து அடிக்க அவர்கிட்ட மிச்ச வேகம் இருக்கும். வயசானவருக்கு அந்த மிச்சம் இருக்காது. அதுக்காக காத்திருந்தா ஃபாஸ்ட்பால் தாண்டிப் போயிடும், ஃபாஸ்ட்பாலுக்குக் கிளம்பினா இதுல காத்துல சுத்துவார்.

கார்பென்டர் விஷயத்துல இந்த இரண்டாம் சுத்து 2022ல சரியா நடக்கவே இல்ல, லீக் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள கால் போயிடுச்சு. அதனாலதான் அந்த 47 மேட்ச் ரெக்கார்டுல அவ்வளவு சுத்தமா நிக்குது.

ராவுல் இபான்யஸ்ங்கற இன்னொரு பேட்டர் கதையில இது முழுசா நடந்துச்சு, அதுவும் ரெண்டு தடவை. 2009ல 37 வயசுல பிலடெல்பியாவுக்கு வந்தார், முதல் 62 மேட்ச்ல 22 ஹோம் ரன், ஆவரேஜ் .312. மருந்து எடுக்கறாரோன்னு கூட பேச்சு கிளம்புச்சு, மனுஷன் நேரடியா கோபமா மறுத்தார், எப்ப வேணா டெஸ்ட் பண்ணிக்கோங்கன்னார். ஜூன்ல தொடை இடுக்குல அடி, கொஞ்ச நாள் ரெஸ்ட், திரும்பி வந்து மிச்ச 72 மேட்ச்ல 12 ஹோம் ரன்தான். அப்பவும் மொத்தம் 34, அவர் கேரியர்லயே அதிகம், அதனால அந்த சீசனை ஃபெயில்னு யாரும் சொல்ல முடியாது. அப்புறம் 2013ல சியாட்டில்ல, 41 வயசு, ஆல்-ஸ்டார் பிரேக்குக்குள்ள (ஜூலை நடுவுல வர்ற சீசன் இடைவேளை) 24 ஹோம் ரன்! அந்த வயசுல ஒரு சீசன்ல அதிகம் அடிச்ச டெட் வில்லியம்ஸோட 29ஐ சுலபமா தாண்டிடுவார்னு எல்லாரும் எழுதினாங்க. மிச்ச சீசன்ல 5. சரியா 29ல நின்னுச்சு, ரெக்கார்டை சமன் பண்ணார், தாண்டல. அடுத்த வருஷம் ஏஞ்சல்ஸ்ல .157 அடிச்சுட்டு இருக்கும்போதே விட்டுட்டாங்க. உடம்பு களைச்சுப் போறதுங்கறது இந்த வயசுல அவ்வளவு சீக்கிரம் வரும், 162 மேட்ச் சீசன்ல ஜூலைக்கு அப்புறம் ஒவ்வொரு வாரமும் கூடுதல் பாரம்.

இப்ப நின்ன கேஸ். ரிச் ஹில். இவர் பேட்டர் இல்ல, பிட்சர், ஆனா இவர் கதை இல்லாம இந்தப் பதில் முழுமையாகாது. 2015ல 35 வயசு, வாஷிங்டன் டீமோட மைனர் லீக்ல இருந்து விட்டாச்சு, லாங் ஐலண்ட் டக்ஸ்ங்கற இண்டிபெண்டென்ட் டீமுக்குப் போனார், மேஜர் லீக்கோட எந்த சம்பந்தமும் இல்லாத இடம் அது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் எடுத்தாங்க. செப்டம்பர் 13ல இருந்து சீசன் முடியறவரைக்கும் நாலே நாலு மேட்ச்தான் தொடங்கினார், முதல் மூணுலயும் பத்து பத்து ஸ்ட்ரைக்அவுட், 29 இன்னிங்ஸ்ல 36, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் குடுக்கற ரன், கம்மியா இருந்தா நல்லது) 1.55. நாலு மேட்ச்! மேல சொன்ன எந்த கணக்குப்படியும் இதை நம்பக் கூடாது. கார்பென்டரோட 47 மேட்ச்சையே நம்பாதேன்னா இந்த நாலை எப்படி நம்பறது?

ஆனா நின்னுச்சு. அடுத்த வருஷம் ஓக்லண்ட், டாட்ஜர்ஸ் ரெண்டுலயும் சேத்து 12 வெற்றி, 5 தோல்வி, ஈஆர்ஏ 2.12. டாட்ஜர்ஸ் மூணு வருஷத்துக்கு 48 மில்லியன் குடுத்தாங்க. 2025ல 45 வயசுல கூட கேன்சஸ் சிட்டிக்காக மேஜர் லீக்ல பந்து போட்டார். காரணம் அந்த நாலு மேட்ச்ல என்ன புதுசுங்கறதுல இருக்கு. அவரோட கர்வ்பால் எப்பவுமே உயர்தரம், ஆனா மத்தவங்க மாதிரி ஃபாஸ்ட்பாலை மெயினா வச்சு கர்வை இடையில போட்டுட்டு இருந்தார். பாஸ்டன்ல பிட்சிங் அனாலிஸ்டா இருந்த பிரையன் பானிஸ்டர் அவரை உக்கார வச்சு, உன் கர்வை ஏன் இவ்வளவு கம்மியா போடற, அதையே வித விதமா, வேற வேற வேகத்துல போடுன்னார். அவ்வளவுதான். கர்வ்பாலுக்கு 97 மைல் வேகம் வேணாம், விரல்ல சுழற்சி வேணும். வயசு மணிக்கட்டு வேகத்தையும் இடுப்பு வேகத்தையும் தின்னும், விரல் வித்தையை அவ்வளவு சீக்கிரம் தொடாது. (அவருக்கு வந்த பெரிய தொந்தரவு விரல் கொப்புளம்தான், பாவம்.)

அதனால ஒரு சீனியர் திடீர்னு கிளம்பும்போது நான் ஆவரேஜைப் பாக்க மாட்டேன். என்ன மாறுச்சு, அந்த மாற்றம் வயசுக்கு எதிரா நிக்கக்கூடியதா, இதைத்தான் கேப்பேன். டேனியல் மர்ஃபியைப் பாருங்க, 30 வயசுதான், சீனியர்னு சொல்றது கொஞ்சம் அதிகம், இருந்தாலும் பொருந்தும். 2015 பிளேஆஃப்ல தொடர்ந்து 6 மேட்ச்ல ஹோம் ரன் அடிச்சு ரெக்கார்டு. வேர்ல்டு சீரிஸ்ல (சீசனோட ஃபைனல்) அடங்கிட்டார், அவர் டீமான நியூயார்க் மெட்ஸ் அதை நம்பாம விட்டுட்டாங்க. ஆனா அவர் அந்த சீசன்லயே பிளேட்டுக்கு (பந்து வந்து தாண்டற இடம்) நெருக்கமா நின்னு பந்தை இழுத்து அடிக்க ஆரம்பிச்சிருந்தார், அதே சமயம் முழு சீசன்லயும் ஸ்ட்ரைக்அவுட் வெறும் 38. பந்தை பேட்ல வாங்கற திறமை கெடாம பவர் மட்டும் கூடினா அது வேற ரகம். வாஷிங்டன் போய் 2016ல .347, 25 ஹோம் ரன், அடுத்த வருஷம் .322. அப்புறம் முட்டி ஆபரேஷன் வந்துதான் நிறுத்துச்சு.

ஆல்பர்ட் பூஹோல்ஸ் 2022ல பண்ணதை நிறைய பேர் எதிர் உதாரணமா காட்டுவாங்க. 42 வயசு, ஆல்-ஸ்டார் பிரேக் வரைக்கும் .215, 6 ஹோம் ரன், அதுக்கப்புறம் .323, 18 ஹோம் ரன், செப்டம்பர் 23ல லாஸ் ஏஞ்சலஸ்ல கேரியரோட 700வது ஹோம் ரன். எனக்கு பேஸ்பால்ல ரொம்ப பிடிச்ச ரெண்டு மாசம் அது. ஆனா அவர் அதோட ரிட்டயர் ஆயிட்டார், 2023ல என்ன ஆகிருக்கும்னு யாருக்கும் தெரியாது, அதனால "நின்னுச்சு"ங்கற பக்கம் அதைச் சேக்க முடியாது.

இன்னொண்ணு, நம்ம கண்ணுக்கு யார் தெரியறாங்கன்னும் பாக்கணும். 30 டீம், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு பேர் முப்பத்தஞ்சு தாண்டினவங்க. முதல் மாசம் சொதப்பினவங்களை மே மாசத்துலயே வீட்டுக்கு அனுப்பிடறாங்க, அவங்களைப் பத்தி யாரும் கேக்கறதில்ல. மிச்சம் இருக்கறவங்கள்ல யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு ஆறு வாரம் கொளுத்துவார், அவரைப் பத்தித்தான் நாம பேசறோம். ஒவ்வொரு வருஷமும் ஒரு கார்பென்டர் கிடைப்பார், ஆனா ஏப்ரல்லயே அவர் பேரைச் சொல்ல யாராலயும் முடியாது.

சரி, டீம் என்ன பண்ணலாம்? ஆளு அடிக்கற வரைக்கும் லைன்அப்ல வைங்க, ஓடற குதிரையை நிறுத்த வேண்டியதில்ல, இந்த ஹாட் ஸ்ட்ரீக்ல உண்மை கொஞ்சம் இருக்குன்னு பேஸ்பால் தரவை வச்சே ஆராய்ச்சி வந்திருக்கு, பிட்சருங்களே அப்படிப்பட்ட ஆளுக்கு பயந்து பந்தை வெளிய போடறாங்க. இடது கை பேட்டருன்னா வலது கை பிட்சர் வரும்போது இறக்குங்க, வாரத்துக்கு ஒரு நாள் ரெஸ்ட் குடுங்க. தினமும் ஸ்கோரைப் பாக்கறதுக்குப் பதிலா சேஞ்ச்அப்புக்கும் கர்வுக்கும் எத்தனை தடவை காத்துல சுத்தறாருன்னு பாருங்க, இப்பல்லாம் 2024லருந்து பேட் ஸ்பீடே பொதுவுல கிடைக்குது, அது போன வருஷத்தை விட ஏறிருக்கா இறங்கிருக்கான்னு பாத்துக்கோங்க. ஏறிருந்தா இந்த சீசன் முடியறவரைக்கும் நான் நம்புவேன். இறங்கியும் ஹோம் ரன் மட்டும் கொட்டுதுன்னா, ஜூலை கடைசி டிரேட் டெட்லைனுக்குள்ள அந்த இடத்துக்கு இன்னொரு பேட்டரைத் தேடி வச்சுக்கோங்க, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட் மட்டும் குடுத்துடாதீங்க.